முந்நூற்றுப் பதின்மூன்றாவது இதயம்

மூன்றாவது தடவையும் கோல்கீப்பரின் இதயம் சமர்த்தாகத்தான் துடித்தது.

இயந்திரம் கிர்ரென்று காகிதத்தைத் துப்பி முடித்தது. இதய டாக்டர் அதைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், பிறகு மேஜைமேல் வீசினார்.

"நார்மல். இவனுக்கு இருக்கிற மாதிரி இதயம் எனக்கு இருந்தா நான் டாக்டர் வேலையை விட்டுட்டு மலையேறப் போயிடுவேன்."

கட்டிலில் கிடந்த பத்தொன்பது வயதுக் கோல்கீப்பர், நெஞ்சில் ஒட்டியிருந்த ரப்பர் கிண்ணங்களைத் தானே பிய்த்துப் போட்டான். மூன்று நாளில் அவனுக்கு அந்த வேலை கைவந்திருந்தது.

"தம்பி, கடைசியா ஒரு தடவை கேக்கறேன்..." என்று ஆரம்பித்தாள் துருவல் அக்கா.

"மேடம், நீங்க கடைசியா கேக்கறது இது பதினோராவது தடவை."

"முகாம்ல அந்தக் கட்டில்ல படுத்தது நீதானா? டீம்ல இடம் போயிடும்னு பயந்து, உனக்குப் பதிலா வேற யாரையும் அனுப்பலையே?"

"நான்தான் படுத்தேன். ரெண்டாவது நாள், சாப்பாட்டுக்கு முன்னாடி கடைசி ஆள். வயிறு கத்துச்சு. அந்த அக்கா ஒரே ஒரு தடவை பேப்பர் எடுத்தாங்க, எழுந்திரின்னாங்க, எழுந்து ஓடிட்டேன். ஜெயில்ல போட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டுப் போனான். துருவல் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரிந்துபோயிருந்தது.

இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டியவள் அவள். செத்தவர் நிஜமாகவே செத்தாரா, எரிந்த கடை தானாக எரிந்ததா என்று துருவித் துருவிக் கேட்டே பெயர் வாங்கியவள். வேலையை விட்டு, இரண்டு நாற்காலி போட்ட அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோதும் அந்தப் பட்டப்பெயர் கூடவே வந்துவிட்டது. பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்த வழக்கில் அகப்பட்டவர்கள் அத்தனை பேரும் உண்மையையே பேசித் தொலைத்தார்கள். உண்மை பேசுகிறவனை என்ன செய்வது?

"அக்கா, பையன் பொய் சொல்லல. வேணும்னா நான் ஒரு பொய் சொல்லட்டுமா? உங்களுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்," என்றான் வாய்தா.

வாய்தா அவளுடைய உதவியாளன். நாற்பத்திரண்டு வயது, நாற்பத்திரண்டு அங்குல இடுப்பு. பத்து வருடம் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்ததில், எந்த வேலையைக் கொடுத்தாலும் அடுத்த தேதிக்குத் தள்ளும் வழக்கம் தொற்றிக்கொண்டது. வாயை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

டாக்டர் இன்னொரு காகிதத்தை எடுத்து இருவர் முன்னாலும் விரித்தார். மூலையில் 146 என்று அச்சாகியிருந்தது. வழக்கே அந்தக் காகிதம்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் இளைஞர்களுக்கான இலவச இதயப் பரிசோதனை முகாம் மூன்று நாள் நடந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து படுத்தார்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு காகிதங்கள் வந்தன. அதில் 146 மட்டும் எமன் கையெழுத்துப் போட்ட காகிதம். 146 என்ற எண்ணுக்கு உரியவனோ கோல்கீப்பர். அவன் இதயமோ குதிரை மாதிரி.

"ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் இதயம் கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கும். இந்த ஆளுக்கு அந்த நேரம் ரொம்ப நீளம்," என்றார் டாக்டர். "அந்த நேரத்துல ஒரு அதிர்ச்சி வந்தா தாளமே கலைஞ்சிடும். ஓடும்போது வரலாம். பயந்தா வரலாம். பக்கத்துல திடீர்னு ஒரு சத்தம் கேட்டாகூட வரலாம். விழுந்தா நாலஞ்சு நிமிஷம்தான் டைம். கண்டுபிடிச்சுட்டா மாத்திரை இருக்கு, பேரன் பேத்தி எடுக்கலாம்."

"பத்து நாள் இந்தக் கட்டைப் பிரிக்காமலே வச்சிருந்தீங்களே டாக்டர்!"

"மூணு ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவுல சும்மா படிச்சுக் குடுக்கறேன் மேடம்," என்றார் டாக்டர். குரலில் குற்றவுணர்ச்சி இருந்ததால் துருவல் அக்காவால் மேற்கொண்டு திட்டவும் முடியவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. மறுநாள் ஆறு மணிக்கு, முகாமை நடத்திய அதே அறக்கட்டளை நிதி திரட்டுவதற்காக நடத்தும் ஓட்டம். இரண்டாயிரம் இளவட்டங்கள் ஓடப்போகிறார்கள். முகாமில் படுத்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதில் உண்டு. 146 யாராக இருந்தாலும் நாளை காலை அந்தக் கூட்டத்தில் ஓடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அறக்கட்டளை அலுவலகம் சைக்கிள் கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறிப்போக வேண்டிய ஒற்றை அறை. வாய்தா பாதிப் படியில் நின்று வாய்தா கேட்டுக்கொண்டிருந்தபோது, மேலிருந்து பனியன் மூட்டை ஒன்று தானாக இறங்கி வந்தது. மூட்டைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது.

"வழி விடுங்கண்ணே. கிரவுண்டுக்கு நாலு நடை போகணும்."

அறக்கட்டளையை நடத்தும் அம்மாவின் மகள் அவள். இரண்டு பிள்ளைகளில் இளையவள் என்பதால் எல்லாருக்கும் சின்னவள். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, மூட்டையை வண்டியில் போட்டுவிட்டு, அவர்கள் மேலே போய்ச் சேருவதற்குள் அடுத்த மூட்டைக்கு ஓடி வந்துவிட்டாள். அதையும் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

உள்ளே கேப்டன் அம்மா தொலைபேசியில் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் கால்பந்துக் குழுவுக்குக் கேப்டன். பதினேழு வயதில், நல்ல வெயிலில், பந்தே இல்லாத இடத்தில் சும்மா சரிந்து விழுந்தான். மைதானத்தில் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை எழுப்பும் கருவி ஒன்று இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு வேறு வேலை கிடையாது. படியேறாத கம்பெனி இல்லை, கையேந்தாத கதவு இல்லை. ஊரில் எட்டு மைதானம். இரண்டுக்குக் கருவி வந்தாகிவிட்டது. மீதி ஆறும் நாளைய ஓட்டத்தை நம்பி இருந்தன.

"ஓட்டத்தைத் தள்ளி வச்சிடுங்கம்மா," என்றாள் துருவல் அக்கா, உட்காராமலே. "எனக்கு ஒரு நாள் பத்தாது."

"தள்ளி வச்சா?"

"யாரும் சாக மாட்டாங்க."

"நாளைக்கு ஓடலைன்னா நாளன்னைக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அந்தப் பிள்ளை. அப்போ பக்கத்துல நானும் இருக்க மாட்டேன், மெஷினும் இருக்காது." கேப்டன் அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "என் பையனுக்கு ஒரு பேப்பர்கூட இல்ல. இந்தப் பிள்ளைக்குப் பேப்பர் இருக்கு. பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு ஆளைத் தெரியலைன்னு சொல்றதுக்கா நான் இத்தனை பேர்கிட்ட கை நீட்டினேன்? கண்டுபிடிங்க."

துருவல் அக்கா முந்நூற்றுப் பன்னிரண்டு காகிதங்களையும் கேட்டு வாங்கித் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பக்கத்து எண்ணோடு மாறியிருக்குமோ என்று பார்த்தாகிவிட்டது. 145, 147 இரண்டு பேரையும் நேற்றே மறுபடி பரிசோதித்தாயிற்று, இருவரும் கல்லுக்குண்டு. ஒரு மணி நேரம் தவழ்ந்து பார்த்ததில் முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

"சே! கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கு," என்று கையிலிருந்த பென்சிலைச் சுவரில் எறிந்தாள்.

வாய்தா பென்சிலை எடுத்துவரப் போனவன் குனிந்தபடியே நின்றான். குனிந்தது சிரமப்பட்டு என்பதால், உடனே நிமிர அவனுக்கு மனசில்லை.

"அக்கா, எனக்கு இதெல்லாம் குழந்தை கிறுக்கின மலை மாதிரிதான் தெரியுது. ஆனா ஒரு சந்தேகம். இந்த 139-ல, கீழேயிருந்து நாலாவது கோட்டுக்குக் குளிர்ஜுரம் வந்திருக்கு பாருங்க, வெடவெடன்னு நடுங்குது. 140-க்கும் ஜுரம். 145 வரைக்கும் ஜுரம்தான். 147-ல ஜுரம் சுத்தமா போயிடுச்சு."

"டாக்டருக்கும் தெரியும்," என்றார் கேப்டன் அம்மா. "மத்த பதினொரு கோடு நல்லா இருக்கு, அது போதும்னுட்டார்."

"இருக்கட்டும்மா. சாப்பாட்டு நேரத்துல யாரோ மெஷினுக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க. நம்ம கோல்கீப்பர் சாப்பாட்டுக்கு முன்னாடி படுத்தவன்தானே? அப்போ அவனுக்கும் ஜுரம் இருக்கணுமே. 146 மட்டும் எப்படி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஜம்முன்னு நிக்குது?"

துருவல் அக்கா தவழ்ந்தே அந்தப் பக்கம் வந்தாள். 145 நடுங்கியது. 146 நடுங்கவில்லை. மூன்று நாளாக எழுபது தடவை பார்த்த காகிதம்! அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"இந்தப் பேப்பர் சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்ததே இல்ல. மெஷினைச் சரி பண்ணினதுக்கு அப்புறம் எடுத்தது. கோல்கீப்பர் அப்போ அங்க இல்லவே இல்ல. அம்மா, அன்னைக்குப் பேப்பரைக் கோர்த்து ஃபைல்ல வச்சது யாரு?"

"நான்தான்."

"146-க்கு ஒரு பேப்பர்தான் வந்துச்சா?"

கேப்டன் அம்மா யோசித்தார். "ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல கோடு நடுங்கி இருந்துச்சு, ஒண்ணு பளிச்சுன்னு இருந்துச்சு. சரியா வரலைன்னு திரும்ப எடுத்திருக்காங்க போலன்னு நெனச்சேன். ஒரு ஆளுக்கு ஒரு பேப்பர்தானே? நல்லதை வச்சுக்கிட்டு மத்ததைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையே!"

உலகமெல்லாம் துருவியவள் உட்கார்ந்த இடத்தில் துருவவில்லை. வாய்தா ஏதோ சொல்ல வாயெடுத்தான், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அடுத்த தேதிக்குத் தள்ளி வைத்தான்.

"கோல்கீப்பரை எடுத்தது ஒரே தடவை. அது கிழிஞ்சு போச்சு," என்றாள் துருவல் அக்கா மெதுவாக. "அவன் எழுந்து போனதுக்கு அப்புறம் நம்பரே இல்லாத ஒருத்தர் அந்தக் கட்டில்ல படுத்திருக்காங்க. லிஸ்ட்ல இருக்கிற அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் படுக்க வச்சிருந்தாலும் நமக்குக் கிடைச்சிருக்காது. முந்நூத்திப் பதிமூணாவது இதயம் ஒண்ணு இருக்கு."

"யாருக்கு?" என்றார் கேப்டன் அம்மா.

"அது மெஷின்ல வேலை பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்."

இயந்திரத்தோடு வந்தவள் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின் டெக்னீஷியன். அவளுடைய தொலைபேசி அணைந்து கிடந்தது. பரிசோதனைக்கூடத்துக்குப் போனால் முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டே, "டிரைவிங் ஸ்கூல்ல மெடிக்கல் செக்கப்," என்றார். வாய்தாவின் ஸ்கூட்டரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனால், "அது நேத்தே முடிஞ்சு போச்சே," என்று பல்லைக் காட்டினார்கள். மறுபடி முதலாளிக்குப் போன் செய்தால், "அப்படியா? அப்போ பிஸ்கட் கம்பெனியா இருக்கும்," என்றார் சாவகாசமாக. பிஸ்கட் கம்பெனி ஊரின் மறுகோடியில் இருந்தது. வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள், பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள், யாரைப் பார்க்க என்ன விஷயமாக என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பழகிய துருவல் அக்காவுக்கு, பதில் சொல்வது எவ்வளவு கேவலமான பிழைப்பு என்று அன்றுதான் புரிந்தது. மணி மூன்றாகிவிட்டது.

தொழிற்சாலையின் மருத்துவ அறையில் டெக்னீஷியன் அப்போதுதான் இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உருவம், சுறுசுறுப்பான கை. வயர்களைச் சிக்கெடுத்து மாட்டிவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க."

வாசலில் நின்ற வாட்ச்மேன் திகைத்தார். "எனக்குத் திங்கக்கிழமைதானேம்மா முறை?"

"இது உங்களுக்கு இல்லண்ணே, மெஷினுக்கு."

அவர் படுத்தார். காகிதம் வந்தது. டெக்னீஷியன் அதை ஒரு கண் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள், கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். வாட்ச்மேன் பொத்தானை மாட்டிக்கொண்டு போனார்.

வாய்தா ஏதோ கேட்கப் போனான். துருவல் அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குப்பைக்கூடையில் கைவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்து நீவினாள். மூலையில் 58 என்று இருந்தது.

"இது யாரோட பேப்பர்மா?"

டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தாள். "யாரோடதும் இல்ல மேடம். வயர் சரியா இருக்கான்னு பார்க்க எடுத்தது."

"58-ன்னு போட்டிருக்கே?"

"நேத்து டிரைவிங் ஸ்கூல்ல கடைசி ஆள் நம்பர். புது ஆள் வந்தாதான் நம்பர் மாத்துவேன்."

"யாரோடதும் இல்லைன்னா, இதுல துடிக்கிறது யாரோட இதயம்?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. துருவல் அக்கா மேஜைமேல் கிடந்த வயர்க் கற்றையைத் தொட்டாள். நெஞ்சில் ஒட்டும் ஆறு வயர்கள், ஆறு நிறம். ஐந்து அழுக்கேறிச் சாயம் போயிருந்தன. பச்சை மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

"இந்தப் பச்சை வயரை எப்போ மாத்தினே? முகாம்லயா?"

"மேடம், முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் டெக்னீஷியன் அவசரமாக. "என் காசுலதான் வாங்கி மாத்தினேன். பழசுல கோடு நடுங்க ஆரம்பிச்சுது. நடுவுல நிறுத்த முடியல, க்யூ நின்னுச்சு. சாப்பாட்டு நேரத்துல மாத்திட்டேன்."

"மாத்திட்டு, சரியா இருக்கான்னு பார்க்க ஒருத்தரைப் படுக்க வச்சே."

"ஆமா. எப்பவும் செய்யறதுதான்."

"பேப்பரைக் கசக்கிப் போடலையே, ஏன்?"

"கசக்கறதுக்குள்ள சாப்பிடக் கூப்பிட்டாங்க. மேஜையிலயே வச்சுட்டுப் போயிட்டேன்."

துருவல் அக்கா 146-ஐ அவள் கையில் கொடுத்தாள். "இதுதான் அது. நல்லாப் பாரு."

டெக்னீஷியன் பார்த்தாள். பத்து வருடமாக இதே கோடுகளைப் பார்ப்பவள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ... நான் கோடு நடுங்குதான்னு மட்டும்தான் மேடம் பார்த்தேன்."

"யாரு படுத்தது?"

"எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து குடுத்த பொண்ணு. மூணு நாளும் ஓடி ஓடி வேலை பார்த்துச்சே... கேப்டன் அம்மாவோட பொண்ணு."

வாய்தா அடுத்த தேதி கேட்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

சின்னவளுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. அடுத்துக் கேப்டன் அம்மாவைக் கூப்பிட்டதும் அவர் எடுத்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் எங்கே என்று மட்டும் கேட்டாள் துருவல் அக்கா.

"கிரவுண்டுல. நாளைக்கு முன்னாடி ஓடப்போறவ அவதானே, நாலு மணிக்கு ஒத்திகை. பையை ஓரமா வச்சிருப்பா, போன் கேக்காது. ஏன்?"

"நீங்களும் அங்க வாங்க."

பிறகு டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"உடனே ஓட்டத்தை நிறுத்துங்க. ஆனா கத்தி நிறுத்தாதீங்க. விசில் ஊதாதீங்க, ஓடிப்போய்ப் பிடிக்காதீங்க. அந்தப் பொண்ணு பயந்துடக் கூடாது. மெதுவா நடக்க வச்சு என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

ஸ்கூட்டர் மைதானத்து வாசலில் நின்றபோது நாலு பத்து. புல்வெளியைச் சுற்றி இருபது முப்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் முன்னால் சின்னவள், தலைமுடி பறக்க. கோட்டுக்குப் பக்கத்தில் கோல்கீப்பர் நின்றான். அவன் கையில் மறுநாள் ஓட்டத்தைத் தொடங்கி வைப்பதற்கான ஊதுகுழல், பொத்தானை அழுத்தினால் எட்டு ஊருக்குக் கேட்கிற ரகம். சின்னவள் கோட்டைத் தாண்டும்போது ஊதிப் பார்ப்பதாகத் திட்டம். கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது.

கூப்பிடவும் முடியாது, ஓடவும் கூடாது. இத்தனை வருடத் தொழிலில் துருவல் அக்கா இப்படிக் கையைக் காலைக் கட்டிக்கொண்டு நடந்ததே இல்லை. கோல்கீப்பரின் பின்னால் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மேடம், பன்னிரண்டாவது தடவையா?" என்று அலுத்துக்கொண்டான் அவன்.

"விரலை எடு தம்பி. மெதுவா. கும்பிட்டுக் கேக்கறேன்."

அவள் கெஞ்சுவதை அவன் அதுவரை பார்த்ததில்லை, விரலை எடுத்தான். ஊதுகுழலை அவள் வாங்கிப் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வாய்தா புல்வெளியைக் குறுக்கே கடந்து, ஓடுகிறவர்களுக்கு நடுவே தானும் ஒருவனாகத் தொந்தி குலுங்கச் சேர்ந்துகொண்டிருந்தான். சின்னவள் பக்கத்தில் வந்ததும் அவளோடு ஓட ஆரம்பித்தான். ஓட்டம் என்று அதைச் சொல்வது பெருந்தன்மை.

"பாப்பா, இந்த வயசுல ஓடினா இளைக்குமா?"

"கண்டிப்பா இளைக்கும்ணே!"

"அப்படின்னா எனக்கு இதுவரைக்கும் இளைச்சது போதும். கொஞ்சம் நடப்போமா? நான் ஒத்தையா நடந்தா எல்லாரும் சிரிப்பாங்க. நீ கூட வந்தா ஏதோ ஆலோசனைன்னு நினைச்சுப்பாங்க."

சின்னவள் சிரித்துவிட்டாள். வேகம் குறைந்தது. இரண்டு பேரும் நடந்தார்கள். அவன் வாய் ஓயாமல் ஏதோ அளந்துகொண்டே அவளை நிழலுக்கு நடத்திவந்து பெஞ்சில் உட்காரவைத்தான். அவன் முகமெல்லாம் வியர்வை. அது ஓடியதால் வந்தது அல்ல என்று துருவல் அக்காவுக்குத் தெரியும்.

கேப்டன் அம்மா வந்து சேர்ந்தபோது துருவல் அக்கா அவரைச் சுவர் ஓரமாகத் தனியே அழைத்துப் போனாள். சொல்ல வேண்டியதை நாலே வாக்கியத்தில் சொன்னாள். அந்த அம்மா அழவில்லை. 146-ஐ வாங்கித் தன் கையாலேயே கோர்த்தபோது குத்திய ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

துருவல் அக்காவுக்கு அடக்கிவைத்த ஆத்திரம் அத்தனையும் அப்போதுதான் வெளியே வந்தது.

"ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் படுக்க வச்சீங்களே! அண்ணனுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கலாம்னு உங்களுக்குத் தெரியாதா? மூணு நாள், பத்தடி தூரத்துல கட்டில்! ஏம்மா இவளை மட்டும் விட்டீங்க?"

"தெரியும்," என்றார் கேப்டன் அம்மா.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான். பேப்பர் எடுத்துப் பார்த்து, இவளுக்கும் இருக்குன்னு சொல்லிட்டா... ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. மத்த பிள்ளைங்க பேப்பரைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்துச்சு. இவளோடதைப் பார்க்க இல்ல."

குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கையில் விலங்கு மாட்டினால் ஆத்திரம் தீரும். இங்கே மாட்டுவதற்கு ஒரு கை இல்லை. ஒருத்தி ஒழுங்காக வயரைச் சரிபார்த்தாள், ஒருத்தி ஒழுங்காக நல்ல காகிதத்தை எடுத்துவைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

வாடகைக் காரில் நாலு பேரும் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். சின்னவளிடம் வழியில் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தது வாய்தாதான். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு நாளைக்கு முன்னால் யார் ஓடுவது என்று கேட்டாள். கோல்கீப்பர் ஓடுவான் என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறையில் கட்டில் விரித்துத் தயாராக இருந்தது. முகாமிலும் வேலை பார்த்த நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். முகாமில் கொடுத்த அதே படிவம்.

"ஃபார்ம் எழுதாம யாரையும் படுக்க வைக்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க," என்றாள் சங்கடத்தோடு.

கேப்டன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். எண் என்ற இடத்தில் 313 என்று எழுதினார். வயது எழுதினார், உயரம் எழுதினார், எடையை மகளிடம் கேட்டு எழுதினார். மயக்கம் வந்ததுண்டா என்ற கேள்விக்கு மகள் இல்லை என்றாள். அதற்கு அடுத்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

அது அவரே சேர்த்த கேள்வி. அதைச் சேர்க்க வேண்டும் என்று டாக்டரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறார். மூன்று நாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் குரல் பிசகாமல் அதைக் கேட்டவர். துருவல் அக்கா பேனாவை வாங்கித் தானே எழுதிவிடலாமா என்று கையை நீட்டினாள். சின்னவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"கேளும்மா," என்றாள். "எல்லார்கிட்டயும் கேட்ட மாதிரி என்கிட்டயும் கேளு."

கேப்டன் அம்மா படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"உங்க குடும்பத்துல... சின்ன வயசுல... யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"ஆமா," என்றாள் சின்னவள். "எங்க அண்ணன்."

கேப்டன் அம்மா 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டார்.